கார்டு ஸ்லாட்டில் இருக்கிறது, ஆப்பிள் டூ கண்டுகொள்ளவில்லை: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கல்

ஆப்பிள் டூ கணினி வைத்திருக்கும் யாராவது "கார்டு தெரியமாட்டேன் என்கிறது" என்றால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: யாருக்குத் தெரியவில்லை? மதர்போர்டிலுள்ள ரோமுக்கா (மின்சாரம் வந்ததும் முதலில் ஓடும் நிரந்தர நினைவகம்), புரோடாஸுக்கா (டிஸ்கிலிருந்து ஏறும் இயக்கமுறை), நீங்கள் ஓட்டுகிற புரோகிராமுக்கா? மூன்றும் தனித்தனியாகத் தேடுகின்றன. ஒவ்வொன்றும் வேறு அடையாளத்தை வைத்துக்கொண்டு தேடுகிறது. ஒன்றின் கண்ணில் பட்ட கார்டு இன்னொன்றின் கண்ணில் படாமல் போவது இங்கே அன்றாடம் நடப்பது.

1985-இல் வந்த அமிகா கணினியில் ஆட்டோகான்ஃபிக் என்றொரு ஏற்பாடு உண்டு. மின்சாரம் வந்ததும் ஒவ்வொரு கார்டும் தன்னைத் தயாரித்தவர் யார், தனக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் உட்காரும். 1977-இல் பிறந்த ஆப்பிள் டூ-வில் அந்தப் பேச்சே இல்லை. பிரிண்டருக்கு ஒன்று, மோடமுக்கு ஒன்று, இரண்டு ஸ்லாட் போதும் என்றார் ஸ்டீவ் ஜாப்ஸ்; எட்டு இல்லாமல் முடியாது என்று நின்று வாங்கினார் இயந்திரத்தை வடிவமைத்த வோஸ்னியாக். எட்டும் கிடைத்தன. அந்த எட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்கத்தான் வழி வைக்கவில்லை. பிறகு வந்தவர்கள் கைரேகை பார்ப்பதுபோல் ஒரு வழக்கத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கைரேகையைப் பற்றியதுதான்.

தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இரண்டு. ஒன்று முதல் ஏழு வரையுள்ள ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் 256 பைட் இடம் ஒதுக்கியிருக்கிறது, கார்டின் சிறு ரோம் அங்கேதான் தெரியும். அதன் தொடக்கம்: 49152-உடன் ஸ்லாட் எண்ணை 256-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். ஆறாம் ஸ்லாட்டுக்கு 50688, நான்காவதுக்கு 50176. இதுபோக கார்டை இயக்குவதற்கு 16 முகவரிகள் தனியாக உண்டு: 49280-உடன் ஸ்லாட் எண்ணின் 16 மடங்கு. ஆறாம் ஸ்லாட்டுக்கு அது 49376-இல் தொடங்கும். பேசிக்கில் பீக் (ஒரு முகவரியிலுள்ள எண்ணைப் படிப்பது), போக் (அங்கே எழுதுவது) இரண்டும் கைவசம் இருந்தால் போதும். பதினாறடி எண் தெரியாதவர்களும் இதைச் செய்யலாம்.

தொடங்குமுன் ஒன்று. மின்சாரம் ஓடும்போது கார்டைச் செருகவோ உருவவோ கூடாது. ஆப்பிள் டூ-வின் பின்னாளைய மாடலான டூ-இ என்றால் மதர்போர்டில் சிவப்பு விளக்கு இருக்கும், அது எரிகிறவரை கை உள்ளே போகவேண்டாம். அதற்கு முந்தைய டூ பிளஸில் அந்த விளக்கும் கிடையாது, ஆகவே சுவிட்சை இருமுறை பாருங்கள். கார்டைத் தொடுமுன் பவர் சப்ளையின் உலோகப் பெட்டியைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள்.

அறிகுறி: டிரைவ் சுழலவே இல்லை, நேராக பேசிக் வந்து நிற்கிறது

இதையும் "டிரைவ் நிற்காமல் சுழன்றுகொண்டே இருக்கிறது" என்பதையும் பலர் ஒரே கோளாறாக எண்ணுகிறார்கள். நிற்காமல் சுழன்றால் கார்டை ரோம் கண்டுபிடித்துவிட்டது என்று பொருள். குறை டிஸ்கிலோ டிரைவிலோ கேபிளிலோ இருக்கிறது. சத்தமே இல்லாமல் பேசிக் வந்தால்தான் கார்டு கண்ணில் படவில்லை. (1977-இன் முதல் ஆப்பிள் டூ-வில் பழைய ரோமே இருந்தால் அது எந்தக் கார்டையும் தேடாது. நட்சத்திரக் குறியோடு நிற்பது அதன் சுபாவம், கோளாறல்ல.)

டூ பிளஸின் ஆட்டோஸ்டார்ட் ரோம் ஏழாம் ஸ்லாட்டில் தொடங்கி ஒன்றை நோக்கி இறங்கும். ஒவ்வொரு ஸ்லாட்டிலும் நான்கு பைட்டைப் பார்க்கும்: தொடக்கத்திலிருந்து 1-ஆவது இடத்தில் 32, 3-இல் 0, 5-இல் 3, 7-இல் 60. நான்கும் பொருந்தினால் அங்கே குதிக்கும். கார்டு உள்ளபடியே டிஸ்க் கன்ட்ரோலரா என்ற கவலை அதற்கு இல்லை.

நீங்களும் அதையே செய்யுங்கள். டிஸ்க் கார்டு ஆறாம் ஸ்லாட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50688 முதல் 50695 வரை எட்டு முகவரிகளை பீக் போட்டு அச்சிடுங்கள். ஆப்பிளின் டிஸ்க் டூ டிரைவுக்கான 16 செக்டர் கார்டென்றால் (டிஸ்கின் ஒவ்வொரு தடத்தையும் 16 துண்டாகப் பிரிப்பது) வரவேண்டியது: 162, 32, 160, 0, 162, 3, 134, 60.

இந்த எட்டு எண்ணுக்குள் ஒரு சின்னக் கதை இருக்கிறது. முதல் கட்டளை எக்ஸ் என்ற பதிவகத்தில் 32-ஐ ஏற்றுகிறது. அது பயன்படுவதற்குள் மூன்றாம் கட்டளை அதே பதிவகத்தில் 3-ஐ ஏற்றி அழித்துவிடுகிறது. எதற்கு இந்த வீண் வேலை? 1978-இன் 13 செக்டர் ரோமில் அந்த 32 உண்மையிலேயே எண்ணிக்கைக்குப் பயன்பட்டது. ஆட்டோஸ்டார்ட் ரோம் அதைக் கைரேகையாகப் பிடித்துக்கொண்டபின், 16 செக்டர் ரோமை எழுதியவர்களால் அதைத் தூக்கியெறிய முடியவில்லை. வேலை போனாலும் அடையாளத்துக்காக அது அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

இந்தக் கதையால் நமக்கு ஓர் ஆதாயம் உண்டு. ஐந்தாவதாக 162-க்குப் பதில் 169, ஏழாவதாக 134-க்குப் பதில் 133 வந்தால் உங்களிடம் இருப்பது பழைய 13 செக்டர் கார்டு. ஒற்றைப்படை இடங்களிலுள்ள எண்கள் இரண்டிலும் ஒன்றே என்பதால் கார்டு தெரியும், டிரைவ் சுழலும், 1980-இல் வந்த டாஸ் 3.3 இயக்கமுறையின் டிஸ்க் மட்டும் ஏறாது. 50943-இல் பீக் போட்டும் உறுதிசெய்யலாம்: 0 என்றால் 16 செக்டர், 255 என்றால் 13.

எட்டும் சரியாக வந்தால் ரோம் பிழைத்தது. அடுத்து பீக்(49385) போடுங்கள். அந்த முகவரியைப் படித்தாலே டிரைவின் மோட்டார் ஓடத் தொடங்கும். 49384-ஐப் படித்தால் ஒரு நொடி கழித்து நிற்கும். ரோம் சரி, மோட்டார் ஓடவில்லை என்றால் ஸ்லாட்டின் 41-ஆம் பின்னையும் (கார்டின் 16 முகவரிகளை அழைக்கும் கம்பி) டிரைவ் கேபிளையும் பாருங்கள். கேபிளைப் பார்க்கும்போது ஒரு பின் தள்ளிச் செருகியிருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். அப்படிச் செருகி மின்சாரம் கொடுத்தால் டிரைவுக்குள்ளிருக்கும் 74எல்எஸ்125 சிப் போய்விடும். ஆப்பிள் டூ வட்டாரத்தில் அதிகமாக மாற்றப்படும் சிப் எதுவென்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

அறிகுறி: ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எண் மாறுகிறது

ஆளில்லாத ஸ்லாட் சும்மா இருப்பதில்லை, வாய்க்கு வந்ததைச் சொல்லும். ஆப்பிள் டூ-வில் ஒவ்வொரு சுழற்சியிலும் பாதியை வீடியோ எடுத்துக்கொள்கிறது. அது கடைசியாகப் படித்த பைட், பஸ் எனப்படும் தகவல் கம்பிகளில் தங்கிவிடும். எந்தக் கார்டும் பதில் தராதபோது உங்கள் பீக் படிப்பது அந்த மிச்சத்தைத்தான். திரை பெரும்பாலும் வெற்றாக இருந்தால் அடிக்கடி வருவது 160, அதாவது வெற்றிடத்தின் குறியீடு. டிஸ்க் டூ-வின் மூன்றாவது எண்ணும் 160 என்பது வேண்டாத ஒற்றுமை. எனவே ஒரு பைட்டை மட்டும் பார்த்துக் கார்டு இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். 256 பைட்டையும் கூட்டி வையுங்கள், திரையில் எதையாவது எழுதி நிரப்பிவிட்டு மறுபடி கூட்டுங்கள். இரண்டும் ஒன்றானால் ஏதோ ஒரு ரோம் பேசுகிறது. வேறானால் அங்கே யாருமில்லை, அல்லது இருக்கும் கார்டை இயந்திரம் அழைக்கவில்லை. ரோமை அழைக்கும் கம்பி ஸ்லாட்டின் 1-ஆம் பின்னில் வருகிறது.

அறிகுறி: எண் மாறவில்லை, ஆனால் தவறாக வருகிறது

32 வரவேண்டிய இடத்தில் 33, 0-க்கு 1, 60-க்கு 61, ஆனால் 3 மட்டும் 3-ஆகவே இருக்கிறது. இப்படி வந்தால் கடைசி பிட் எப்போதும் 1-ஆக ஒட்டிக்கொண்டிருக்கிறது. டேட்டா கம்பிகள் 42 முதல் 49 வரையுள்ள பின்களில் வருகின்றன. மிக உயர்ந்த பிட் 42-இல், கடைசி பிட் 49-இல். இந்த உதாரணத்தில் 49-ஐத்தான் பார்க்கவேண்டும். பெரும்பாலும் கான்டாக்டில் ஏறிய களிம்புதான் காரணம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சில்லாத துணியால் கார்டின் விளிம்பைத் துடைத்து, ஸ்லாட்டில் நான்கைந்து முறை செருகி உருவுங்கள் (சுவிட்ச் அணைத்த நிலையில்தான்). உப்புக்காகிதம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். போன தங்கப்பூச்சு திரும்பி வராது. துடைத்தும் மாறாவிட்டால், அதே கார்டை வேறு ஸ்லாட்டில் போட்டும் அதே பிட் தவறுகிறதா பாருங்கள். தவறினால் குறை கார்டில்.

அறிகுறி: ஒரு ஸ்லாட்டில் மட்டும் தெரிவதில்லை

50 பின்களில் ஏறக்குறைய எல்லாமே எல்லா ஸ்லாட்டுக்கும் பொது. ஸ்லாட்டுக்கு ஸ்லாட் தனியாக வருபவற்றில் கார்டைக் கண்டறியப் பயன்படுபவை இரண்டே: 1-உம் 41-உம். ஒரே ஸ்லாட்டில் எந்தக் கார்டும் தெரியவில்லை என்றால் அந்த இரண்டு கான்டாக்டுகளையும், டூ பிளஸில் அவற்றைப் பிரித்தனுப்பும் 74எல்எஸ்138 சிப்புகளையும் சோதித்தால் போதும். இதற்குமேல் இதில் ஒன்றுமில்லை.

அறிகுறி: தானாகத் துவங்காது, பிஆர்# போட்டால் துவங்குகிறது

கோளாறே இல்லை. டூ பிளஸும், 1985-க்கு முந்தைய ரோமுள்ள டூ-இ-யும் நான்கு எண்ணையும் பார்க்கும். ஸ்மார்ட்போர்ட் முறையில் பேசும் டிரைவ் கார்டுகளில் நான்காவது எண் 60 அல்ல, 0. மேம்படுத்தப்பட்ட டூ-இ முதல் மூன்றோடு திருப்தியாகிவிடும். பழைய ரோமில் கையால் பிஆர்#5 (ஐந்தாம் ஸ்லாட்டின் கார்டை ஓட்டச் சொல்லும் கட்டளை) என்று தட்டுங்கள், அல்லது ரோமை மாற்றுங்கள்.

அறிகுறி: டூ-இ-யில் மூன்றாம் ஸ்லாட் கார்டு மட்டும் காணவில்லை

இரண்டு மாலைகளை இதற்குப் பலிகொடுத்திருக்கிறேன். மூன்றாம் ஸ்லாட்டில் ஒரு சீரியல் கார்டு. துடைத்தேன், சிப்புகளை அழுத்தி உட்காரவைத்தேன், கார்டை மாற்றினேன். படித்தால் நிலையான எண்கள் வருகின்றன, ஆனால் எந்தக் கார்டின் எண்ணும் அல்ல. நிலையாக வருகிறதே, அப்படியானால் யாருடைய ரோம் இது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

அது டூ-இ-யின் சொந்த ரோம். துணை ஸ்லாட்டில் 80 எழுத்து கார்டு இருந்தால் டூ-இ மூன்றாம் ஸ்லாட்டின் 256 பைட்டை மறைத்துவிட்டு தன் ரோமை அங்கே காட்டும். பீக்(49175) 128-க்குக் குறைவாக வந்தால் உள் ரோம் தெரிகிறது, 128 அல்லது அதற்கு மேலென்றால் கார்டின் ரோம். போக் 49163,0 போட்டால் கார்டு வெளிச்சத்துக்கு வரும், போக் 49162,0 பழையபடி மறைக்கும். பக்கத்திலேயே 49173 என்று ஒரு முகவரி உண்டு. எல்லா ஸ்லாட்டின் ரோமும் சேர்ந்து மறைந்திருக்கிறதா என்று அது சொல்லும், ஆனால் அங்கே கணக்கு தலைகீழ்: 128-க்கு மேல் வந்தால்தான் உள் ரோம். ஒரே இயந்திரத்தில் இப்படி எதிரெதிராக வைத்தவரை நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம், குறிப்பேட்டில் எழுதியும் வையுங்கள்.

மறைவது ரோம் மட்டுமே. மூன்றாம் ஸ்லாட்டுக்குரிய 16 முகவரிகள் (49328 முதல்) அப்படியே வேலை செய்யும். ரோமே இல்லாத உத்தர்நெட் வலைக் கார்டை வழக்கமாக மூன்றில் போடுவது இதனால்தான்: வேறு எதற்கும் உதவாத ஸ்லாட், அதற்கு மட்டும் போதும்.

அறிகுறி: பேசிக்கில் வேலை செய்கிறது, புரோடாஸ் கண்டுகொள்ளவில்லை

புரோடாஸ் ஏறும்போது எல்லா ஸ்லாட்டையும் பார்த்து, ரோம் இருப்பவற்றை 49049-இல் ஒரே பைட்டாகக் குறித்துவைக்கும். ஸ்லாட் எண்ணே பிட் எண். டூ பிளஸில் ஆறிலும் இரண்டிலும் கார்டு இருந்தால் 64-உம் 4-உம் சேர்ந்து 68. உங்கள் கார்டின் பிட் இல்லை என்றால் புரோடாஸ் அங்கே ரோமையே காணவில்லை. மேலே சொன்ன எண் சோதனைக்குத் திரும்புங்கள்.

பிட் இருக்கிறது, டிரைவ் பட்டியலில் மட்டும் இல்லை என்றால் 32, 0, 3 என்ற மூன்று எண் பொருந்தவில்லை. 48945-இல் டிரைவ் எண்ணிக்கை இருக்கும், ஆனால் ஒன்றைக் கழித்து: இரண்டு டிரைவுக்கு 1 காட்டும். "ஒரு டிரைவ் காணாமல் போய்விட்டது" என்று வரும் புகாரில் பாதி இதுதான். மீதியில் 128 கே டூ-இ-காரர்கள் "வாங்காத டிரைவ் ஒன்று கூடுதலாகத் தெரிகிறதே" என்பார்கள். அது நினைவகத்தில் புரோடாஸ் தானே உண்டாக்கும் ராம் டிஸ்க், மூன்றாம் ஸ்லாட்டின் இரண்டாம் டிரைவாக உட்கார்ந்திருக்கும்.

அறிகுறி: மாக்கிங்போர்டு இருக்கிறது, விளையாட்டில் ஒலி இல்லை

இங்கே கைரேகை வேலைக்கு ஆகாது. மாக்கிங்போர்டு என்ற ஒலிக் கார்டில் ரோமே கிடையாது. ரோம் இருக்கவேண்டிய 256 பைட்டில் இரண்டு 6522 சிப்புகள் உட்கார்ந்திருக்கின்றன, ஒன்று தொடக்கத்தில், இன்னொன்று 128 பைட் தள்ளி. ஸ்லாட் பட்டியலிடும் புரோகிராம்கள் இதைக் "காலி" என்று எழுதினால் கவலைப்படவேண்டாம்.

விளையாட்டுகள் இதைக் கண்டுபிடிக்கும் விதம் அழகானது. 6522-க்குள் ஒரு டைமர் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒன்று குறைந்துகொண்டே ஓடும். எட்டு சுழற்சி இடைவெளியில் இருமுறை அதைப் படித்து, வித்தியாசம் சரியாக 8 வருகிறதா என்று பார்க்கிறார்கள். வெற்று ஸ்லாட் தற்செயலாக அப்படிச் சொல்வது அரிது.

இந்த உத்தி தோற்கும் இடம் வேகம். டிரான்ஸ்வார்ப் போன்ற வேகக் கார்டு உள்ளே இருந்தால் செயலி ஓடிவிடும், டைமரோ பழைய 1 மெகாஹெர்ட்ஸ் நடையில்தான் இறங்கும். வித்தியாசம் 8 வராது, விளையாட்டு "கார்டு இல்லை" என்று போய்விடும். டூ ஜிஎஸ்-இல் 2.8 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினாலும் இதே கதை. வேகத்தைச் சாதாரணத்துக்குக் குறைத்துவிட்டு விளையாட்டைப் புதிதாக ஏற்றுங்கள். சில விளையாட்டுகள் நான்காம் ஸ்லாட்டைத் தவிர வேறெங்கும் எட்டிப் பார்ப்பதில்லை. கார்டு நான்கில் இருக்கட்டும்.

கார்டே பழுதா என்று அறிய டைமர் வேண்டாம். சிப்பிலுள்ள திசைப் பதிவகத்தில் எழுதியதைத் திரும்பப் படிக்கலாம். போக் 50179,85 போட்டு பீக்(50179) பாருங்கள், 85 வரவேண்டும். பிறகு 170 வைத்து அதையே செய்யுங்கள். இரண்டாவது சிப்புக்கு 50307. ஒரு சிப் பேசி மற்றது பேசாவிட்டால் ஒரு பக்க ஒலி மட்டும்தான் வரும்.

ஓர் எச்சரிக்கை. நான்காம் ஸ்லாட்டில் இருப்பது மாக்கிங்போர்டுதானா என்று கண்ணால் பார்த்துவிட்டு போக் போடுங்கள். 1980-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட சாஃப்ட்கார்டும் வழக்கமாக நான்கில் உட்காரும், அதிலும் ரோம் இல்லை. அதன் 256 பைட்டில் எதையாவது எழுதினால் ஆட்சி இசட்80 செயலிக்குக் கைமாறிவிடும். திரை உறைந்து நிற்கும், நீங்கள் மதர்போர்டு போயிற்று என்று பதறுவீர்கள்.

அறிகுறி: சீரியல், பிரிண்டர் கார்டு பட்டியலில் இல்லை

பாஸ்கல் 1.1 மொழி அமைப்பின் வழக்கப்படி 5-இல் 56, 7-இல் 24, 11-இல் 1 இருந்தால் அது எழுத்துவழிக் கார்டு; 12-இல் அதன் வகை. சூப்பர் சீரியல் கார்டில் அந்த வகை எண் 49. பழைய பேரலல் கார்டுகள் பலவற்றில் இந்த அடையாளம் கிடையாது. பட்டியலில் வராவிட்டாலும் பிஆர்#1 போட்டால் அச்சிடும். சூப்பர் சீரியல் கார்டு தெரிகிறது, தகவல்தான் போகவில்லை என்றால், கார்டின் மேலுள்ள ஜம்பர் கட்டையின் அம்புக்குறி மோடம் பக்கமா டெர்மினல் பக்கமா என்று பாருங்கள்.

அறிகுறி: புரோடாஸ் தேதி காட்டவில்லை

கடிகாரக் கார்டின் அடையாளம் இரட்டைப்படை இடங்களில்: 0-இல் 8, 2-இல் 40, 4-இல் 88, 6-இல் 112. புரோடாஸுக்குத் தெரிந்திருந்தால் பீக்(49048) ஒற்றைப்படையாக வரும். நோ-ஸ்லாட் கடிகாரம் ஒரு ரோம் சிப்புக்கு அடியில் ஒளிந்திருப்பது; பெயரே சொல்கிறபடி எந்த ஸ்லாட்டிலும் அகப்படாது, அதற்குரிய டிரைவரை ஏற்றினால்தான் தேதி வரும். தேதி சரி, வருடம் மட்டும் தப்பு என்றால் கார்டைத் திட்டாதீர்கள். தண்டர்க்ளாக் என்ற கடிகாரக் கார்டுக்கு வருடமே தெரியாது. தேதியையும் கிழமையையும் வைத்து புரோடாஸ் ஓர் அட்டவணையில் வருடத்தை ஊகிக்கிறது, அந்த அட்டவணை சில வருடங்களில் தீர்ந்துவிடும்.

அறிகுறி: தனித்தனியே தெரிகின்றன, சேர்த்துப் போட்டால் ஒன்று மறைகிறது

முதலில் மின்சாரம். எல்லாக் கார்டுகளுக்கும் சேர்த்து 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர் என்பதுதான் ஆப்பிள் வகுத்த வரம்பு. சிப்புகள் நிறைந்த பழைய கார்டுகள் இரண்டு மூன்று சேர்ந்தாலே அதைத் தாண்டிவிடும். 25-ஆம் பின்னுக்கும் 26-க்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள், 4.75-க்குக் கீழே இறங்கினால் காரணம் கிடைத்துவிட்டது. முனை நழுவிப் பக்கத்துப் பின்னில் பட்டால் செலவு பெரிது, ஆகவே காலியான ஸ்லாட்டில் அளந்து பாருங்கள். பவர் சப்ளையைத் திறக்க நேர்ந்தால் உள்ளே மஞ்சளாக, மேலெல்லாம் கீறல் விட்ட ரிஃபா கெப்பாசிட்டர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இன்றே மாற்றுங்கள். ஒருநாள் புகை கக்கி வீட்டையே நாறடிக்கும். அணைத்த பிறகும் உள்ளே மின்னழுத்தம் தங்கியிருக்கும், பழக்கமில்லாதவர்கள் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மின்சாரம் சரியென்றால் சந்தேகம் 51200 முதல் 53247 வரையுள்ள 2 கே இடத்தின் மேல். இது எல்லா ஸ்லாட்டுக்கும் பொதுத் திண்ணை: ஒரு கார்டின் ரோமைத் தொட்டதும் அந்தக் கார்டு தன் பெரிய ரோமை இங்கே விரிக்கும். அடுத்தவர் வருமுன் 53247-ஐ ஒருமுறை தொட்டால் எல்லாரும் சுருட்டிக்கொள்ள வேண்டும். சுருட்டாத கார்டும் உண்டு, தொட மறந்த புரோகிராமும் உண்டு. இரண்டு ரோம் ஒரே நேரத்தில் பேசினால் வருவது உளறல். பீக்(53247) போட்டுவிட்டு முயன்று பாருங்கள். சரியானால் குறை புரோகிராமில், ஆகாவிட்டால் கார்டில்.

அறிகுறி: டூ ஜிஎஸ்-இல் எந்தக் கார்டும் தெரியவில்லை

1986-இன் டூ ஜிஎஸ்-இல் பிரிண்டர், மோடம், மவுஸ், டிஸ்க் எல்லாம் பிறவியிலேயே உண்டு. அவை ஒவ்வொன்றும் ஒரு ஸ்லாட் எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். கன்ட்ரோல், ஆப்பிள், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி கன்ட்ரோல் பேனலுக்குள் போய், உங்கள் ஸ்லாட்டை "யுவர் கார்டு" என்று மாற்றினால்தான் கார்டுக்கு இடம் கிடைக்கும். மாற்றிவைத்தது மறுநாள் பழையபடி ஆகிவிட்டதென்றால் உள்ளேயிருக்கும் லித்தியம் பேட்டரி தீர்ந்துவிட்டது. ரோம் 01 இயந்திரங்களில் அதைப் பற்றவைத்திருப்பார்கள். வெட்டியெடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பேட்டரி கூடு வைத்துப் பற்றவைத்தால் அடுத்தமுறை மாற்ற பற்றவைப்புக்கோல் தேவைப்படாது. வெட்டும்போது முனைகளைச் சற்று நீளமாகவே விடுங்கள், புதிய கூட்டை அதிலேயே பிடிக்கலாம்.